பக்காவா இருக்கு மாமா

– அண்ணே, கூண்டு ஏன் இந்தப் பக்கம் சாயுது?

– அசையாதீங்க சார். ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்காருங்க.

– போட்டோதான் எடுத்தாச்சே, மேல ஏத்தச் சொல்லுங்க.

– கீழ பாக்காதீங்க. கண்ணாடியைப் பாருங்க. பதினோராவது மாடியில தொங்கிட்டு இருக்கோம்.

– எனக்குத் தெரியாதா? கம்பெனி ஆரம்பிச்சப்போ நீங்களும் நானும்தானே ஒரே ஒரு வாளியை வச்சுக்கிட்டு ஊர்ல உள்ள கண்ணாடியெல்லாம் துடைச்சோம்?

– வாஸ்தவம் சார். அப்புறம் ஆறு வருஷமா நீங்க ஏறவே இல்ல. இன்னைக்கும் அந்தப் பெரிய கான்ட்ராக்டுக்குப் போட்டோ வேணும்னுதான் ஏறுனீங்க.

– வாக்கி டாக்கியக் குடுங்க. மாப்ளே! நீதானேடா சூப்பர்வைசர்? மொட்டை மாடியில என்ன பண்ற? கூண்டு சாயுது!

– ஒண்ணும் இல்ல மாமா! எல்லாம் பக்காவா இருக்கு. காத்துதான்.

– இங்க காத்தே இல்லியேடா!

– சின்ன ஆட்டம் மாமா. ரெண்டே நிமிஷம், மேல இழுத்துடறேன்.

– கேட்டீங்களாண்ணே, ரெண்டு நிமிஷமாம்.

– இழுக்க வேணாம்னு சொல்லுங்க சார்.

– ஏன்?

– இடது பக்கத்துக் கம்பிக் கயித்துல ‘டொக்கு’ன்னு ஒரு சத்தம். கேக்கலியா? இந்தா, இன்னொண்ணு. பிரி ஒண்ணொண்ணா விடுது.

– எனக்குத்தான் பெல்ட் இருக்கே!

– கொக்கியை எதுல மாட்டியிருக்கீங்க?

– கூண்டுலதான். எல்லாரும் அப்படித்தானே மாட்டுறாங்க?

– கூண்டு போனா அதுவும் கூடவே போகும் சார். ஆளுக்கு ஒரு தனிக் கயிறு மேலேருந்து இறக்கணும். அதைக் கட்ட அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு நாலு மாடி முடிக்கலன்னா திங்கக்கிழமைக் கூட்டத்துல எழுந்து நிக்க வைக்கிறீங்க. யாரு கட்டுவா?

– என்கிட்ட ஒருத்தர்கூட சொல்லலியே!

– ஒருத்தன் சொன்னான். கயிறு நைஞ்சு போச்சுன்னு கூட்டத்துலயே சொன்னான். பாசிட்டிவா யோசிக்கத் தெரியாதவன் நம்ம கம்பெனிக் குடும்பத்துக்கு ஆகாதுன்னு அன்னைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பினீங்க. நாங்க எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

– ஐயோ, மறுபடியும் சத்தம்! மாப்ளே! உண்மையைச் சொல்லுடா. நான் திட்ட மாட்டேன். உன் அக்கா மேல சத்தியம்.

– உண்மைதான் மாமா. கயிறு பக்கா. புதுசு மாதிரி இருக்கு.

– குரல் ஏன்டா நடுங்குது?

– தண்ணி குடிக்கல மாமா. வெயில்.

– சார், அதை என்கிட்ட குடுங்க. நீங்க மூச்சுகூட விடக் கூடாது. தம்பி, நான்தான் பேசுறேன். மாமா மயங்கிட்டாரு, காதுல ஒண்ணும் விழாது. இப்பச் சொல்லு.

– அண்ணே! ஆறு பிரியில நாலு போச்சுண்ணே. மோட்டாரைத் தொட்டா மிச்ச ரெண்டும் போயிடும். என்ன செய்யட்டும்?

– மோட்டாரை விட்டுத் தள்ளி வா. தனிக் கயிறு மேல கிடக்கா?

– ரெண்டு இருக்கு. உறையைக்கூடப் பிரிக்கல.

– தண்ணித் தொட்டித் தூண்ல ரெண்டையும் கட்டி இறக்கு. முடிச்சை மூணு தடவை இழுத்துப் பாரு.

– சரிண்ணே. மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

– சொல்லல. கட்டு. என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? ஆஃப் பண்ணிட்டேன், பேசுங்க.

– தினமும் காலையில இதே குரல்லதான் பக்கான்னு சொல்லுவான். அதை நம்பித்தான் இன்னும் ரெண்டு கிளை தொறந்தேன்.

– அப்பாடா, ஒரு வழியா கயிறு வருது. உங்க கொக்கியைக் கழட்டி இதுல மாட்டுங்க.

– விரல் மடங்க மாட்டேங்குதுண்ணே.

– நான் மாட்டுறேன். ம், ஆச்சு. எனக்கும் ஆச்சு. இப்ப இந்த ஸ்பானரால கண்ணாடியை உடைக்கப் போறேன், முகத்தைத் திருப்பிக்கோங்க.

– கிளையண்ட்டோட கண்ணாடிண்ணே!

– சார்.

– உடைங்க! உடைங்க!

– உள்ள இருக்கவங்க தள்ளிப் போங்க! அந்தப் பக்கம் போங்கம்மா! மூலையில அடிச்சாத்தான் கேக்கும் இது. இந்தா. இன்னொண்ணு. போச்சு! காலை உள்ள வைங்க சார். தாவாதீங்க, மெதுவா வைங்க.

– நீங்க?

– உங்க பின்னாலயேதான் வர்றேன். தலையைக் குனிங்க.

– அண்ணே, கூண்டு!

– விடுங்க. ஒத்தைக் கயித்துல தொங்கட்டும். கீழ தடுப்புக்குள்ள ஆள் யாரும் இல்ல. நாம வந்துட்டோம்.

– அந்த நாற்காலியை இப்படி இழுங்கண்ணே.

– நாற்காலி வேணாம், தரையிலயே உட்காருங்க.

– ஒண்ணு கேக்கறேன். கயிறு இந்த நிலைமையில இருந்தது உங்களுக்குத் தெரியுமா?

– நேத்து வரைக்கும் எப்படி இருந்துச்சுன்னு தெரியும்.

– தெரிஞ்சுமா என்கூட ஏறுனீங்க?

– நீங்க ஏறப் போறீங்கன்னு நேத்தே எல்லாருக்கும் சொல்லியாச்சு சார். உங்களுக்காகவாவது கயித்தை மாத்தியிருப்பாங்கன்னு நம்பித்தான் ஏறுனேன்.