தோற்கச் சொல்லி நிறுத்தியவர்

அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்து என்னை அச்சுறுத்தும் அவைத்தலைவர் அவர்களே! முழங்கால் வலியையும் என் முழக்கத்தையும் ஒருங்கே தாங்கும் முன்வரிசைப் பெரியோர்களே! மூன்று முறை என்னை வாழவைத்து, நான்காம் முறை வழியனுப்பி வைத்த தாய்மார்களே!

நம் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் பேசச் சொன்னார்கள். நான் பேசாமல் யார் பேசுவது? முதல் தேர்தலில் பதினோராயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றவன் நான்! இரண்டாவதில் நாலாயிரத்தில் வென்றவன் நான்! மூன்றாவதில்... யாரங்கே விரல்விட்டுக் காட்டுவது? ஆமாம் தம்பி, இருநூற்றுப் பன்னிரண்டுதான். தேய்பிறை உங்கள் முன்னால்தான் நிற்கிறது!

நான்காம் தேர்தலில் எதிரே நின்றவர் ஒரு வக்கீல். வாதத்தில் வல்லவர், வழக்கில் வெல்பவர். நான் என்ன செய்தேன்? அவர் பெயரையே கொண்ட இன்னொருவரைத் தேடினேன். பெயர் குழம்பினால் வாக்குப் பிரியும். வாக்குப் பிரிந்தால் நான் பிழைப்பேன்! கிடைத்தார் ஐயா, குழாய் பழுதுபார்க்கும் ஒரு தொழிலாளி. இதோ, மாலையின் எடை தாங்காமல் நெளிகிறாரே, இவர்தான்!

தம் வீட்டுச் சமையலறையில், கழுவுதொட்டிக்கு அடியில் படுத்திருந்தவரிடம் குனிந்து கேட்டேன்.

“தேர்தல்ல நிக்கணும்ப்பா.”

“நின்னு ஜெயிக்கணுமாண்ணே?”

“ஐயையோ, தோக்கணும்! ஓட்டே கேக்கக் கூடாது. வாயைத் திறக்காதே.”

விளக்குப் பிடித்திருந்த அவர் மனைவி சொன்னார்: “வாயைத் திறக்காத ஆளுதான் வேணும்னா இவரை விட்டா யாரு? தாராளமாக் கூட்டிட்டுப் போங்க.”

இவர் ஓட்டுக் கேட்டாரா? இல்லை! வேலைக்குப் போன வீட்டிலெல்லாம் சொன்னது இதுதான்: “அம்மா, வக்கீல் பேரும் என் பேரும் ஒண்ணு. ஏமாந்து எனக்குப் போட்டுடாதீங்க. படத்தைப் பார்த்துப் போடுங்க.”

பார்த்தார்கள்! ஏமாறாமல் பார்த்தார்கள்! பார்த்துப் பார்த்து இவருக்கே போட்டார்கள்!

என் வீட்டுக்காரியிடம் கேட்டேன், “நீ யாருக்கு அழுத்தினே?”

“பதினஞ்சு வருஷமா ஒழுகின குழாயை அரைமணி நேரத்துல நிறுத்தினாரே, அவருக்கு. நீங்க எதை நிறுத்தினீங்க?”

“அடியே, அவரையே நான்தானே நிறுத்தினேன்!”

சிரியுங்கள், சிரியுங்கள். நான் அன்று சிரிக்கவில்லை.

முடிவு வந்த மறுநாள் காலை, கருவிப் பையோடு இவர் என் வாசலில் வந்து நின்றார். “அண்ணே, தோக்கச் சொன்னீங்க. முடியலை. மன்னிச்சுடுங்க. ஜனங்க குடுத்த மனுவெல்லாம் எங்க இருக்கு?”

அலமாரியைக் காட்டினேன். உள்ளே, பிரிக்காத உறைகள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றை மட்டும் இரண்டு முறை படித்தார். பள்ளிக்குக் கழிப்பறை கேட்டு ஒரு மாணவி எழுதியது.

“இந்தப் பொண்ணு இப்ப அங்கயே டீச்சர்ண்ணே. கழிப்பறை இன்னும் வரலை.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. அடுத்த உறையைப் பிரித்தார்.

ஆறே மாதத்தில் கழிப்பறை எழுந்தது. அந்த ஆசிரியை, அதோ, மூன்றாம் வரிசையில்! வென்றேன் வென்றேன் என்று மும்முறை முழங்கினேனே, ஓர் உறையைப் பிரித்தேனா? ஒரு கடிதத்தைப் படித்தேனா? படித்திருந்தால் அந்தப் பெண் பள்ளி முடிக்கும் முன்பே கட்டியிருக்கலாமே!

நாளை மறுநாள் ஐந்தாம் தேர்தல். இத்தனை காலம் எனக்காகவே கும்பிட்ட கைகள் இவை. இன்று முதல்முறையாக வேறொருவருக்காகக் கும்பிடுகின்றன. பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி. வணக்கம்!