மூன்று தட்டினால் இரண்டு

அன்றைக்கு அந்த விடுதி முழுவதும் இருட்டானதற்கு நான்தான் காரணம். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எப்படியும் ஒல்லி எல்லோரிடமும் சொல்லிவிடுவான்.

குளியலறையில் புதுக் குழாய். பளபளவென்று ஒற்றைக் கைப்பிடி. தூக்கினால் தண்ணீர், இடப்பக்கம் தள்ளினால் வெந்நீர் என்று பக்கத்திலேயே படம் ஒட்டியிருந்தார்கள். நான் படம் பார்த்துப் புரிந்துகொள்ளும் ரகம் இல்லை. இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

மணிக்கட்டுத் தடிமனுக்குத் தண்ணீர் வந்து நெஞ்சில் அறைந்தது. இடுப்பில் துண்டு, கண்ணில் சோப்பு. இதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சுவருக்குள் ஏதோ டொக் டொக்கென்று இடித்தது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஒல்லி சோப்பு கேட்கிறான் என்று நினைத்து, ஆளே இல்லாததுபோல் இருந்துவிட்டேன். இப்போது கோபம் தலைக்கேறியது. பிடுங்கிய கைப்பிடியாலேயே குழாயை ஓங்கி இரண்டு போட்டேன். டொக். டொக்.

தண்ணீர் நின்றது. பட்டென்று நின்றது.

வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே பிளம்பிங் வேலை என்று மார்தட்டிக்கொள்ளக்கூட நேரம் இல்லை. அதற்குள் வெளியே ஓடிய தண்ணீர் நடையிலிருந்த பிளக் பெட்டிக்குள் புகுந்துவிட்டது. ‘சட்’ என்று ஒரு சத்தம்... கருகல் வாசனை... இருட்டு.

நாங்கள் அங்கே போனது ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக. காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே அரசுப் பூங்கா. அதற்குள் இந்த விடுதி. புதுப்பித்திருந்தார்கள். ‘சமீபத்திய செய்திகளும் மேம்பாடுகளும்’ என்று தலைப்பு. எழுத நான், படம் எடுக்க ஒல்லி, வண்டி ஓட்ட டிரைவர். மேற்பார்வைக்குத் துறையின் பெரிய சார். நான்கு வருடங்களுக்கு முன்னால் அவர் இதே விடுதியில் மேனேஜராக இருந்தவராம். பிறகு பதவி உயர்ந்து தலைநகரத்துக்குப் போய்விட்டார். வரும் வழியெல்லாம் வண்டியிலேயே வாசகங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். என் பங்கு முற்றுப்புள்ளி வைத்ததுதான். ‘குழாய்களில் சில நேரம் எழும் ஒலி இயல்பானது, அச்சம் வேண்டாம்’ என்ற வரியும் அவர் சொன்னதே. அதற்கும் ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன்.

முன்கூடத்தில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அதைச் சுற்றி ஒல்லி, டிரைவர், ஈரத்துண்டோடு நான். கொஞ்சம் தள்ளி, அறைகளைப் பெருக்கிப் படுக்கை விரிக்கும் அக்கா நனைந்த மிதியடிகளை வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். பெரிய சார் டார்ச்சோடு மாடிப்படியில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“இந்தக் கட்டடத்துல நான் கண்ண மூடிக்கிட்டு நடப்பேன்யா. குளிச்சிட்டு வரேன். அதுக்குள்ள இந்த ஆள எதையும் தொடாம பாத்துக்கங்க.”

போய்விட்டார்.

எனக்கு ஒரு நன்றி பாக்கி இருந்தது. தண்ணீரை நிறுத்திய புண்ணியவானுக்கு. என் இரண்டு அடியில் நிற்கிற தண்ணீரா அது? யாரோ ஓடிப்போய் என் குளியலறைக்கான வால்வை மூடியிருக்க வேண்டும்.

“ஒல்லி, வால்வ மூடினது நீயா?”

“நான் கட்டில் மேல ஏறி கேமராவக் காப்பாத்திக்கிட்டு இருந்தேன். உன் உயிர் ரெண்டாம்பட்சம்.”

டிரைவர், வால்வு எங்கே இருக்கிறதென்றே தெரியாது என்றார். அக்காவைக் கேட்டேன். அவர் நிமிரவில்லை.

“தண்ணி நின்னுச்சுல்ல. விடுங்க சார்.”

சும்மா உட்கார்ந்திருந்தால் எல்லோரும் என்னையே திட்டுவார்கள். பேச்சை மாற்ற ஒரு பேய்க்கதை சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. என் பள்ளிக்கூட நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது. அவர் பிளம்பர். எந்த விடுதி என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

விடியற்காலை நாலே முக்கால். காட்டுக்குள் போகும் ஒற்றைத் தார்ச்சாலை. ஒரு மொபெட்... பின்னால் கருவிப் பெட்டி கடகடக்கிறது. வேறு சத்தம் இல்லை. முந்தின நாள்தான் சித்தப்பா அந்த விடுதியில் புது மோட்டார் பொருத்தியிருந்தார். ஐந்தே காலுக்குத் தானாக ஓடும். கிணற்றிலிருந்து இழுத்து, தரைக்கடித் தொட்டியை நிரப்பிவிட்டுத் தானாக நிற்கும். முதல் ஓட்டத்தை நேரில் பார்க்கத்தான் போகிறார்.

அந்த விடுதியில் அதுவரை வேறு ஒரு வழக்கம் இருந்தது. அது சித்தப்பாவுக்குத் தெரியாது. தொட்டி கழுவுகிறவர் விடியுமுன் உள்ளே இறங்குவார். தண்ணீர் விடுவதற்கு முன்னால், மூடியை மூடுவதற்கு முன்னால், வெளியே இருப்பவர் குழாயை மூன்று தட்டுவார். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு இரண்டு தட்டு வரும். வந்தால் யாரும் எதையும் தொடக்கூடாது. பதிலை உள்ளே இருப்பவர்தான் தட்ட வேண்டும். அவருக்காக வேறு யாரும் தட்டக்கூடாது.

புதிதாக வந்த மேனேஜர் சிரித்தாராம். “மெஷின் வந்தாச்சு. இனிமே எதுக்குய்யா இந்த டொக்கு டொக்கு?” வழக்கத்தை எடுத்துவிட்டார். மோட்டார் நேரத்தை முன்கூடத்துப் பலகையில் ஒட்டினார். மேம்பாடுகள் பட்டியலில் ஏழாவது. வேலைக்காரர்கள் முன்கூடத்தில் கால் வைக்கக்கூடாது என்பது அதே பட்டியலில் மூன்றாவது.

சமையலறைக்குப் பின்னால் தொட்டியின் இரும்பு மூடி திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு... பிளீச்சிங் பவுடர் நெடி. மேனேஜர் டீ கிளாஸோடு வந்தார்.

“மூடுய்யா அத. எவனாவது விழுந்து தொலைக்கப் போறான்.”

சித்தப்பா மூடினார். தாழ்ப்பாளும் போட்டார். நல்லது செய்கிற நினைப்பில்தான்.

ஐந்தே கால். மோட்டார் ஓடியது. நன்றாகத்தான் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துக் குழாயில்... டொக் டொக். நின்றது. மறுபடி டொக் டொக்.

“என்னய்யா அது சத்தம்?”

“காத்து சார். புதுக் குழாய்ல இருக்கும். அடங்கிடும்.”

அடங்கியது. பதினோரு நிமிடத்தில்.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தினேன். டிரைவர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். வாளிப் பக்கம் பிழியும் சத்தம் நின்றிருந்தது.

இரண்டாம் நாள், தொட்டி கழுவுகிறவர் ஏரியில் மிதந்தார் என்றார்கள். குடித்துவிட்டு விழுந்துவிட்டாராம். அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். சித்தப்பாவுக்கு அந்த மூடியும் தாழ்ப்பாளும் கண்ணிலேயே நின்றன. சொல்லிவிட வேண்டும் என்று அந்த வீட்டுக்குப் போனார். அந்த மனிதரின் மனைவி கேட்டது ஒன்றுதான். “அவரு தலைய நான்தான் துவட்டினேன். பிளீச்சிங் பவுடர் வாசனை அடிச்சுது. ஏரியில யாருங்க பிளீச்சிங் பவுடர் போட்டது? யாராவது ஒருத்தர் வாயத் தொறந்து சொன்னாப் போதும்.”

சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. அந்தம்மா பேசிக்கொண்டே போனார். கணவர் வேலை முடிந்து வந்தால் கூப்பிட மாட்டாராம். வீட்டுக் கதவில் மூன்று தட்டு. இவர் உள்ளேயிருந்து இரண்டு தட்டு. அப்புறம்தான் உள்ளே வருவாராம், தினமும் அதே விளையாட்டு. அந்த இரண்டு என்ன என்று அப்போதுதான் சித்தப்பாவுக்குப் புரிந்தது.

அன்றிரவு அவர் தன் வீட்டில் குளிக்கப் போனார். குழாய்க்குள் மூன்று தட்டு. உறைந்து நின்றார். குழாய் மூடித்தான் இருந்தது. தண்ணீர் சாக்கடைத் துவாரம் வழியாக மேலே வந்தது. கணுக்கால்... முழங்கால்... கதவு திறக்கவில்லை. அதே நெடி. கழுத்துக்கு வந்தபோதுதான் உறைத்தது. கையில் இருந்த குவளையால் குழாயை இரண்டு தட்டினார்.

வடிந்துவிட்டது.

அன்றிலிருந்து இன்றுவரை தினமும் மூன்று தட்டு வருகிறது. தினமும் இரண்டு தட்டுகிறார். தொழிலை விட்டுவிட்டார். ஆனால் கையில் ஸ்பேனர் இல்லாமல் குளிக்கப் போனதில்லை.

கதை முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் யாராவது சிரிப்பார்கள். ஒல்லி முயன்றான்.

“அந்தச் சித்தப்பா பேசாம குளிக்கறதையே விட்டிருக்கலாம்ல...”

“கதவுல இல்ல சார்.”

அக்கா. மிதியடியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார்.

“ஜன்னல் கம்பியில. எங்க வீட்டுக் கதவு தகரம். தட்டினா பக்கத்து வீட்டுக் கொழந்த முழிச்சிக்கும். அதனால ஜன்னல் கம்பியிலதான் தட்டுவாரு.”

மெழுகுவர்த்தி நேராக எரிந்தது. கதை சொல்லிக் கைதட்டல் வாங்க நினைத்தவன், கதைக்குச் சொந்தக்காரரிடமே அதைச் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

“அக்கா... எனக்குத் தெரியாது. மன்னிச்சிருங்க.”

“எதுக்கு சார்? நாலு வருஷமா இத யாரும் சத்தமாச் சொன்னதில்ல. நீங்க சொன்னீங்க.”

பெரிய சார் நான்கு வருடங்களுக்கு முன்னால் இங்கே மேனேஜர். இது எனக்கு உறைத்த அதே நேரம், மாடியிலிருந்து இறங்கிக் கூடத்து மூலையில் ஓடும் குழாயில்...

டொக். டொக். டொக்.

இந்த முறை எண்ணினேன்.

மேலேயிருந்து குளியலறைக் குரல் கணீரென்று வந்தது.

“என்னய்யா அது சத்தம்?”

அக்கா தலையைத் தூக்கவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார். விருந்தினரிடம் பேசும் அதே பணிவு.

“காத்து சார். அடங்கிடும்.”

பிளீச்சிங் பவுடர் நெடி படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம். ஷவர் சத்தம் இல்லை. ஒரு தொட்டி நிறையும் சத்தம். ஒல்லியும் டிரைவரும் மாடிக்கு ஓடினார்கள். கதவை இடிப்பது கேட்டது. திறக்கவில்லை. “உள்ள ஷவரோட கண்ணாடிக் கதவும் தொறக்கலன்னு கத்துறாருய்யா,” என்று ஒல்லி அலறினான்.

ஒலி இயல்பானது, அச்சம் வேண்டாம். அந்த வரிக்கு முற்றுப்புள்ளி வைத்தவன் நான்.

பிடுங்கிய கைப்பிடி இன்னும் என் கையில்தான் இருந்தது. மூலைக் குழாயிடம் ஓடி இரண்டு போட்டேன். டொக். டொக். தண்ணீர் நிற்கவில்லை. மறுபடி போட்டேன். நிற்கவில்லை. படியில் பாதி ஏறி, “ரெண்டு தட்டுங்க சார், ரெண்டே ரெண்டு,” என்று தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீர் என் குரலை விழுங்கிவிட்டது.

அவரும் தட்டினார். கேட்டது. கையாலும் காலாலும், கண்ணாடியிலும் சுவரிலும் குழாயிலும், இடைவெளியே இல்லாமல் தட்டினார். எண்ணவே முடியவில்லை. அதில் இரண்டு மட்டும் இல்லை.

கீழே இறங்கி வந்தேன். அக்கா மெழுகுவர்த்தியின் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நேற்றுத்தான் அழுது முடித்த முகம்போல் இருந்தது.

“அக்கா, நான் தட்டினா நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் முன்னாடி எனக்கு நின்னுச்சே. கடைசியா கேக்குறேன். அப்ப தண்ணிய நிறுத்தினது யாரு?”

இந்த முறை அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரர், தம்பி. நீங்க உள்ள இருந்து ரெண்டு தட்டினீங்க, நிறுத்திட்டாரு. இந்த சாரும் தட்டத்தான் தட்டுறாரு. எத்தனைன்னு அவருக்குத் தெரியல. வேண்டாத வேலைன்னு எடுத்துப் போட்டதே அவருதானே.”