கோழிக்கு வாங்கின திராட்சை

அக்கா: பையில என்னடா?

தம்பி: ஒண்ணுமில்ல… திராட்சை.

அக்கா: அடடே! இந்த வீட்டுல எனக்குன்னு வாங்கிட்டு வர ஒருத்தன்…

தம்பி: உனக்கில்லக்கா. கோழிக்கு.

அக்கா: யாருக்கு?

தம்பி: கோழிக்கு. மூணுக்கும்.

அக்கா: நில்லு நில்லு. போன வாரம் நான் ஒரு பிடி சோளம் கூடப் போட்டுட்டேன்னு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சவன் யாரு?

தம்பி: நான்தான்.

அக்கா: "தின்பண்டம் பத்துல ஒரு பங்குதான், அதுவும் தீவனம் தின்னு முடிச்ச பிறகுதான்"னு எனக்குப் பாடம் எடுத்தவன் யாரு?

தம்பி: நான்தான், விடேன்.

அக்கா: தீவனம் தின்னா முட்டை, தின்பண்டம் தின்னா கொழுப்பு. நீ சொன்னதுதானே? பண்ணையில தீவனம் கலக்குற பெரிய மனுசன் நீ. நான் வாயே திறக்கலையே அன்னிக்கு.

தம்பி: நீயா? நீ வாயத் திறக்கலையா?

அக்கா: கொஞ்சமாத் திறந்தேன்.

தம்பி: இன்னிக்கு ஒரு நாள் தின்னுட்டுப் போகட்டும்க்கா.

அக்கா: அப்படி என்ன இன்னிக்கு?

தம்பி: ஒண்ணுமில்ல. வழியில வண்டியில வெச்சு வித்துட்டு இருந்தான். பழம் நல்லா இருந்துச்சு… அவ்ளோதான்.

அக்கா: சீக்கிரம் வந்துட்ட.

தம்பி: வேலை முடிஞ்சிடுச்சு.

அக்கா: தலை ஈரமா இருக்கு. போட்டுக்கிட்டுப் போன சட்டையும் இது இல்ல.

தம்பி: புழுக்கமா இருந்துச்சு, அங்கேயே குளிச்சேன். கேள்வி கேட்டே ஆளைக் கொல்லாதக்கா. பின்கதவைத் திற.

அக்கா: திறந்துதான் இருக்கு. வா, நானே போடறேன். என் கையால போட்டாத்தான் மொட்டச்சி திம்பா.

தம்பி: வேணாம். நீ படியிலயே உக்காரு.

அக்கா: ஏன்?

தம்பி: உக்காருன்னா உக்காரேன். எப்பப் பாரு நீதானே போடற? இன்னிக்கு நான் போடறேன்.

அக்கா: சரி… துரை போடட்டும். ரெண்டா வெட்டிப் போடு. முழுசாப் போட்டா தொண்டையில மாட்டும்.

தம்பி: எனக்கே சொல்றியா?

அக்கா: நீ சொன்னதைத்தான் உனக்குத் திருப்பிச் சொல்றேன். இந்தா கத்தி.

தம்பி: மகாராணி ஓடி வர்றா பாரு. என்ன நடை!

அக்கா: நடையா அது? கல்யாண வீட்டுக்கு லேட்டாப் போற பொம்பளை மாதிரி. பாவாடையத் தூக்கிக்கிட்டு…

தம்பி: ஹா… இந்தா, தின்னு. ஏய், மொட்டச்சிக்கும் கொஞ்சம் விடு.

அக்கா: கழுத்துல முடி வந்திருக்கு பாத்தியா அவளுக்கு? கொண்டு வந்தப்போ கூண்டுக் கம்பியில உரசி உரசி, வெறும் தோலு. பாக்கவே கூசுச்சு. நேத்து தடவிப் பாத்தேன்… முள்ளு முள்ளா முளைச்சு வருது.

தம்பி: நேத்தா? நேத்துத் தொட்டியா அவளை?

அக்கா: தினமும்தான் தொடறேன்.

தம்பி: கை கழுவினியா?

அக்கா: இல்ல, நக்கினேன். என்னடா கேள்வி இது?

தம்பி: சோப்புப் போட்டு?

அக்கா: …சோப்புப் போட்டு.

தம்பி: சரி.

அக்கா: முதல் நாள் ஞாபகம் இருக்கா உனக்கு? முட்டைக்கோஸ் இலையைப் பாத்து மூணும் மூலையில போய் ஒண்டிக்கிச்சு.

தம்பி: பொறந்ததுலேர்ந்து மாவுத் தீவனம் தவிர எதையும் பாத்ததில்ல. இலைன்னா என்னன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?

அக்கா: மண்ணுல கால் வைக்கவே பயம். தூக்கித் தூக்கி வெச்சுச்சுங்க, சுடற மாதிரி. நான் இந்தப் படியில உக்காந்து இலையைக் கிள்ளிக் கிள்ளி நானே தின்னு காட்டினேன்.

தம்பி: நீ தின்னியா! பச்சையாவா?

அக்கா: பின்ன? "இங்க பாருங்கடி, செத்தா போயிட்டேன்?"னு கேட்டேன். வாயாடிதான் முதல்ல வந்தா. ஒரு கொத்து கொத்திட்டு ஓடிட்டா. அப்புறம் திரும்பி வந்து…

தம்பி: வாயாடி எங்க?

அக்கா: …உள்ள. முட்டைப் பெட்டியில.

தம்பி: இந்நேரத்துலயா?

அக்கா: அவளுக்கு நேரமா காலமா? கிளிஞ்சல் தூளும் தீரப்போவுது, நாளைக்கு வரும்போது…

தம்பி: எல்லாம் போதும். இருக்கறதே போதும்.

அக்கா: ஓடு மெலிசா வருது, கிளிஞ்சல் கூட வைன்னு நீதானே சொன்ன?

தம்பி: சொன்னேன்… பக்கத்து வீட்டுச் சின்னது இன்னிக்கு வந்துச்சா?

அக்கா: இல்ல. ரெண்டு நாள் வரவேணாம்னு அவங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன்.

தம்பி: ஏன்?

அக்கா: ஏன்னா… பிஸ்கட்டைப் பிச்சுப் பிச்சுப் போடுது. உப்பு, சக்கரை எல்லாம் கோழிக்கு ஆகாதுல்ல? நீ ஏன் கேக்கற?

தம்பி: சும்மாத்தான்.

அக்கா: ரெண்டு பேரும் இன்னிக்கு நிறைய சும்மா பேசறோம். திராட்சை தீந்துடுச்சா?

தம்பி: இன்னும் இருக்கு. அக்கா… நாளைக்குக் காலைல சித்தி வீட்டுக்குப் போயிட்டு வரியா?

அக்கா: எதுக்கு?

தம்பி: ரொம்ப நாளாக் கூப்பிடறாங்க. நானே கொண்டு போய் விடறேன். சாயங்காலம் வந்துடலாம்.

அக்கா: சித்தியா? நான் புருசன் வீட்டை விட்டு வந்தப்போ "அனுசரிச்சுப் போயிருக்கலாம்"னு சொன்ன சித்தியா?

தம்பி: அதெல்லாம் பழசு.

அக்கா: உனக்குப் பழசு. நான் போகல. காலைல இதுங்களுக்கு யாரு தீவனம் வைக்கிறது?

தம்பி: நான் வெச்சுக்கறேன்.

அக்கா: நீ காலைல பண்ணையில இருப்ப.

தம்பி: நாளைக்கு லீவு.

அக்கா: உனக்கா? காய்ச்சல்ல கிடந்தப்போ கூட லீவு குடுக்காத பண்ணையில?

தம்பி: குடுத்துட்டாங்க. இதுக்கு மேல கேக்காத… அக்கா, நான் இதுங்களக் கொண்டு வந்திருக்கவே கூடாது.

அக்கா: அதை மட்டும் சொல்லாத.

தம்பி: வயசாயிடுச்சு, முட்டை குறைஞ்சிடுச்சுன்னு கழிச்சு விட்டதுங்க. வண்டியில ஏத்தும்போது ஏதோ தோணுச்சு, மூணைத் தூக்கிட்டு வந்தேன். உனக்கு ஒரு பொழுதுபோக்கா இருக்கும்னு… முட்டாள்தனம்.

அக்கா: இங்க பாரு. நான் திரும்பி வந்த பிறகு எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியும்.

தம்பி: தெரியும்.

அக்கா: உனக்கு வெளியேயிருந்து பாத்தது தெரியும். சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு, சுண்ணாம்பு உரிஞ்ச இடத்துல விரலால நோண்டிக்கிட்டு… நீ சோறு கொண்டு வந்து வெப்ப. ஈ மொய்க்கும். நீ எதுவும் சொல்லாம எடுத்துட்டுப் போவ.

தம்பி: விடுக்கா.

அக்கா: அந்த வீட்டுல அத்தனை வருசம் இருந்தேன். நான் வந்தேன்னு யாரும் தலை நிமிர்ந்ததில்ல. இங்க பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாப் போதும், மூணு பேரும் விழுந்தடிச்சு ஓடி வராங்க. பசிக்குத்தான் வராங்க, எனக்குத் தெரியாதா? இருந்தாலும் என்னைப் பாத்துத்தானே வராங்க…

தம்பி: அழாத.

அக்கா: அழல. உன் கண்ணைத் துடை முதல்ல.

தம்பி: வெங்காயம்…

அக்கா: திராட்சையில ஏதுடா வெங்காயம்?

தம்பி: …நான் வாயாடியைப் பாத்துட்டு வரேன். அவளுக்கு நாலு பழம் வெச்சிருக்கேன்.

அக்கா: வேணாம்.

தம்பி: ஏன்?

அக்கா: பெட்டியைத் திறக்காத.

தம்பி: முட்டை போடற கோழி இந்நேரம் கத்தி ஊரைக் கூட்டியிருக்கும். சத்தமே இல்ல. அக்கா… அவ பெட்டியில இல்லதானே?

அக்கா: இல்ல.

தம்பி: எங்க?

அக்கா: சுவரோரமா, ஆழமாக் குழி தோண்டி… சுண்ணாம்பு போட்டு மூடிட்டேன். கையில பிளாஸ்டிக் பையைச் சுத்திக்கிட்டுத்தான் தொட்டேன், பயப்படாத.

தம்பி: எப்போ?

அக்கா: நீ காலைல கிளம்பின கொஞ்ச நேரத்துல. நேத்தே சோளத்தை முகத்துக்கிட்ட நீட்டினேன், தலையத் திருப்பிக்கிட்டா. வாயாடி! சோளத்துக்கு! கொண்டை நீலமா இருந்துச்சுடா…

தம்பி: என்கிட்ட ஏன் சொல்லல?

அக்கா: நீ என்கிட்டச் சொல்ல வேண்டியதை முதல்ல சொல்லு.

தம்பி: மூணு நாளைக்கு முன்னாடி தீவனத் தொட்டியில மிச்சம் இருந்துச்சு. நான் வேலைக்குச் சேந்ததுலேர்ந்து கோழி மிச்சம் வெச்சுப் பாத்ததே இல்லக்கா. போட்ட வேகத்துல தகரம் தெரியும். அன்னிக்குப் போட்டது போட்டபடி இருந்துச்சு. நான் கலவையில ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சேன். மோந்து பாத்தேன், வாயில போட்டுக் கூடப் பாத்தேன்…

அக்கா: தீவனத்தையா?

தம்பி: நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் அந்தக் கொட்டகையில பாதி செத்துக் கிடந்துச்சு. பரிசோதனைக்கு அனுப்பினாங்க. பறவைக் காய்ச்சல்தான்னு நேத்து உறுதியாயிடுச்சு. இன்னிக்கு… மிச்சம் இருந்த எல்லாத்தையும்… நாங்கதான் பிடிச்சுக் குடுத்தோம். நான் தீவனம் போட வரேன்னு நினைச்சு கூண்டுல இருந்து கழுத்தை நீட்டுதுங்க அக்கா…

அக்கா: போதும். சொல்ல வேணாம்.

தம்பி: என் செருப்புலதான் இங்க வந்திருக்கும். நான்தான் கொண்டு வந்தேன். இதுங்களையும் நான்தான் கொண்டு வந்தேன், நோயையும்…

அக்கா: நீ தெரிஞ்சு செஞ்சியா?

தம்பி: தெரியாம செஞ்சா சரியாயிடுமா?

அக்கா: ஆகாது. இருந்தாலும் கேக்கறேன், தெரிஞ்சு செஞ்சியா?

தம்பி: இல்ல.

அக்கா: அப்போ விடு. இந்த ரெண்டும்?

தம்பி: இன்னிக்கு நல்லாத் தின்னுதுங்க. நாளைக்கு எப்படின்னு சொல்ல முடியாது. எப்படி இருந்தாலும்… காலைல ஆளுங்க வருவாங்க. பண்ணையச் சுத்தி எந்த வீட்டுல கோழி இருந்தாலும் விட மாட்டாங்க. அதனாலதான் உன்னைச் சித்தி வீட்டுக்கு…

அக்கா: நான் இருப்பேன்.

தம்பி: வேணாம்க்கா. பாக்க முடியாது உன்னால. இப்பத்தான் ரெண்டு வேளை ஒழுங்காச் சாப்பிட ஆரம்பிச்சிருக்க. திரும்ப அந்தச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டன்னா…

அக்கா: வெள்ளை உடுப்பு மாட்டிக்கிட்டு, முகத்தை மூடிக்கிட்டு முன்னப்பின்ன தெரியாதவங்க துரத்தினா இதுங்க செடிக்குள்ள பூந்து, சுவத்துல முட்டி, இறக்கையை ஒடிச்சுக்கும். நான் சோள டப்பாவைத் தட்டினா எங்கிருந்தாலும் வந்துடும். ஓட விட மாட்டேன். என் குரலைக் கேட்டு வரட்டும்.

தம்பி: உன்னால முடியுமா?

அக்கா: தெரியல. ஆனா வேற யாரு கூப்பிட்டாலும் வராதே. மிச்சம் இருக்கற பழத்தையும் வெட்டு. வாயாடிக்கு வெச்சதையும் சேத்துப் போடு. இருட்டினா அடைய ஏறிடும்.

தம்பி: அக்கா… பண்ணையில பேசிக்கிட்டாங்க. நம்ம வீட்டுல கோழி இருக்குன்னு நாளைக்கு வர்ற ஆளுங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்காம்.

அக்கா: ஓ.

தம்பி: யாரோ சொல்லியிருக்காங்க போல. எவனாவது நான் தூக்கிட்டு வந்ததைப் பாத்திருப்பான். இல்லேன்னா ஒளிச்சாவது வெச்சிருக்கலாம். எவன்னு தெரியல. தெரிஞ்சா சும்மா விட மாட்டேன்.

அக்கா: எவனும் சொல்லலடா. மத்தியானம் நானே கால்நடை ஆபீசுக்குப் போன் பண்ணேன். இந்தக் கோழி காலைச் சுத்தியேதான் பக்கத்து வீட்டுச் சின்னது விளையாடும், மனசு கேக்கல. நீ என்னை மன்னிக்கவே மாட்டன்னு நினைச்சுக்கிட்டே பண்ணேன். விலாசம் சொல்ல வாயெடுத்தேன்… "அந்த வீடாம்மா? காலைலயே உங்க தம்பி வந்து சொல்லிட்டுப் போயிட்டாரே, நின்னு பேசக்கூட முடியல அவரால, அப்படி ஒரு அழுகை"ன்னாங்க.