காற்று வராத அறை

சாப்பிடும்போது நான் பேசுவதில்லை, ஐயா. நல்ல பழக்கம்தான். ஆனால் மெர்வு நகரில் எங்களை ஆளும் அரபு அமீர் வைத்த விருந்தில் அதுவே என்னைக் கவிழ்த்தது. வாயில் ரொட்டி இருக்கும்போது, "உங்க ஊர்க் கால்வாய் தூர்வாரியாச்சா?" என்று கேட்டார். நெருப்பை வணங்குகிற எங்கள் பழைய முறைப்படி, உதட்டைத் திறக்காமல் மூக்காலேயே முனகிப் பதில் சொல்லிவிட்டேன். மதம் மாறியாயிற்று, மூக்குக்குத் தகவல் போகவில்லை.

பந்தியே சிரித்தது. அமீர் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா, தொழுகையில எங்க பக்கம், சாப்பாட்டுல உங்க பக்கமா? உன் சித்தப்பா மகன் உங்க ஊர்த்தலைமையைத் தனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்கான்."

எங்கள் பாரசீக மன்னர் போய் அமீர் வந்த பிறகும் ஊர்த்தலைமை எங்கள் வீட்டில்தான் இருந்தது. அது போனால் நான் எங்கே போவது? ஊராருக்கு நான் அரபியின் மாடு. அரபிகளுக்கு நெருப்புக்காரன். ஆகவே, ஊரார் அணையாமல் காத்து வணங்கும் நெருப்பை அணைத்துக் காட்டுகிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அந்த நெருப்பைக் காத்து வந்தவர் என் அண்ணன் அதுர்பாத். அமீரின் சிப்பாய்களோடு நான் போனபோது நெருப்பறை உள்ளே தாழிட்டிருந்தது. அண்ணன் வேறெங்கோ போயிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். கூரையைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றலாம் என்றார்கள் சிப்பாய்கள். நான் சம்மதிக்கவில்லை. நெருப்பின்மேல் தண்ணீர் ஊற்றுவது எங்களில் பெரிய பாவம். காற்றுத் துளைகளை அடைத்தால் அது கௌரவமாக அடங்கும் என்றேன். களிமண்ணால் நானே அடைத்தேன். உள்ளே இருமல் கேட்டது. அந்தக் குளிர்காலத்தில் ஊரில் எல்லோருக்குமே இருமல்.

மறுநாள் கதவை உடைத்தோம். நெருப்பு அணைந்திருந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் படுத்திருந்தார். எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஊர்த்தலைமையும் என்னிடமே நின்றது.

அண்ணி தீனாக்குக்குக் கோதுமை அனுப்பினேன். மூட்டை பிரிக்காமலே திரும்பி வந்தது. நேரில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நேற்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணி, அவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாதுன்னு நீங்களாவது நம்புறீங்களா?"

முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும், தம்பி. ஒரு சிப்பாய் என் வாயைப் பொத்திக்கிட்டிருந்தான். நான் அங்கதான் நின்னேன். உள்ளேர்ந்து அவர் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. நீங்க திரும்பி, 'மண்ணு பத்தல, இன்னும் குழைச்சுக் கொண்டாங்க'ன்னு சொன்னீங்க."