பெயர் பொறித்த தகடு

நான் எங்கே போவதானாலும் பஸ்ஸில்தான் போவேன். இன்றைக்கும் நாமக்கல்லில் ஏறி, சேலத்தில் மாறி, வாழப்பாடியில் இறங்கி, உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்துதான் வந்தேன். வண்டி வேலை செய்கிறவன் இப்படி இருப்பது பலருக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு ஓட்டுவதில் ஆசை இல்லை, செய்வதில்தான் ஆசை. நீங்கள் கேட்டபடி எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதித் தருகிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தீர்கள்.

என் பெயர் குமாரசாமி. வயது நாற்பத்து நான்கு. நாமக்கல்லில் லாரி டர்போ பழுது பார்க்கும் பட்டறையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். டர்போ என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. எஞ்சின் கக்குகிற புகையை வைத்தே ஒரு விசிறியைச் சுழற்றி, அதே எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கிற சாமான். காற்று கூடினால் இழுவை கூடும். கூடவே சூடும் கூடும்.

இறந்துபோன நந்தகுமார் என் தங்கை கமலவேணியின் புருஷன். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வாய் நிறைய மச்சான் மச்சான் என்பான். பரமத்தி வேலூரில் அவன் வீட்டுக் கொட்டகையில் எண்ணூறு சிசி சின்னக் கார் ஒன்று கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அதன் எஞ்சினை இறக்கிவிட்டு ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சின் ஒன்றை அதில் உட்கார வைத்தேன். அது போதாமல், "மச்சான், இதுக்கு டர்போ வெக்க முடியுமுங்களா?" என்று கேட்டான். முடியும் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை, பதினோரு மாதம் பிடித்தது. அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். நன்றாகப் பேசுவான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊரில் லாரிக்குப் பாடி கட்டினால் கட்டிய பட்டறையின் பெயரை எழுதுவார்கள். பெயின்ட் அடித்தவனும் ஒரு மூலையில் தன் பெயரைப் போட்டுக்கொள்வான். லாரி அசாம் போனாலும் அந்தப் பெயர் கூடவே போகும். டர்போ வேலை செய்கிறவன் பெயரை யாரும் எங்கேயும் எழுதுவதில்லை. இத்தனை வருடத்தில் என் பெயரோடு ஒரு வண்டிகூட ரோட்டில் ஓடியதில்லை.

"இந்த வண்டியில என்ற பேரு இருக்கோணும் மாப்பிள்ளை" என்றேன்.

"உங்க பேரு இல்லாம வேற யாரு பேருங்க மச்சான்?" என்றான். நான் நம்பினேன்.

சின்ன வண்டி, உள்ளே இடமே இல்லை. டர்போ கடைசியில் பிரேக் ஆயில் டப்பாவுக்கு நான்கு விரல் தள்ளித்தான் உட்கார்ந்தது. ஓட ஓட டர்போ பழுக்கக் காயும். அந்தச் சூடு பட்டால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் குமிழி விழும். பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே சூடு தாங்கும் பொருள் வைத்து ஒரு மறைப்பு செய்து, நான்கு போல்ட்டில் மாட்டினேன். அதன் மேல் என் பெயரை உளியால் பொறித்தேன். பானெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

சென்ற தை மாதம் சேலத்தில் ஒரு மைதானத்தில் இப்படி மாற்றிக் கட்டிய வண்டிகளை நிறுத்திக் காட்டினார்கள். நானும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பானெட் திறந்திருந்தது. என் பெயரின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கட்டியவர் நந்தகுமார் என்று அதில் இருந்தது. அவன் மைக்கைப் பிடித்து, "பதினோரு மாசமுங்க, பூரா என்ற கைவேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டத்தில் ஒருவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். "நம்ம மச்சானுங்க, ஒத்தாசைக்கு வருவாரு" என்றான். பக்கத்தில் நின்ற கமலவேணி கை தட்டினாள். அத்தனை பேர் நடுவே அழுகை வந்துவிடுமோ என்று பயந்து வெளியே வந்து பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு போய்க் கேட்டேன். சிரித்தான். "வெளம்பரத்துக்குச் சொல்றதுங்க மச்சான், இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க? அப்பறம் அந்தத் தகட்டக் கழட்டிருங்க. ஸ்டிக்கரு உரிஞ்சுபோச்சு, வீடியோவுல அசிங்கமாத் தெரியுது."

கழற்றினேன். கழற்றச் சொன்னது அவன்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அது எதற்கு என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூரா தன் கைவேலை என்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

பெயர் இல்லாத வெறும் தகடு ஒன்றை வெட்டி மாட்ட அரை மணி நேரம் போதும். மறந்துவிட்டேன் என்று எழுதலாமா என்று முதலில் நினைத்தேன். மறக்கவில்லை. அதோடு பிரேக் ஆயிலையும் மாற்றினேன். நல்லதை எடுத்துவிட்டு, பட்டறையில் ஒரு லாரியிலிருந்து வடித்த பழையதை ஊற்றினேன். பழையதில் ஈரம் ஏறியிருக்கும், சீக்கிரம் கொதிக்கும். அந்தப் பாட்டிலை நான் காலையில் கிளம்பும்போதே பையில் எடுத்து வைத்திருந்தேன்.

அவன் வழியில் எங்காவது நின்றுபோய் என்னைக் கூப்பிடுவான், நாலு பேர் பார்க்க நான் போய்ச் சரி செய்வேன் என்பதுதான் என் எண்ணம். கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை.

புதன்கிழமை காலை கமலவேணி போன் செய்தாள். ஆத்தூரில் ஜவ்வரிசி வியாபாரி ஒருவர் இதே மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்கிறாராம், காட்டிவிட்டு வரப் போகிறார்களாம். "நானும் கூடப் போறனுங்ணா" என்றாள். "சரி சாமி, பாத்துப் போயிட்டு வாங்க" என்றேன்.

பதினொன்று பத்துக்கு மறுபடி கூப்பிட்டாள். வாழப்பாடியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். ஓடும்போதாவது காற்று அடிக்கும். நிறுத்தினால் டர்போவின் சூடு முழுக்க அந்த டப்பாவின் மேல் இறங்கும்.

"அண்ணா, வண்டிய எடுத்தா பிரேக்கு சரியாப் புடிக்கலீங்களாமா. உங்களக் கேக்கச் சொல்றாரு."

ஒரு மணி நேரம் ஆறவிடச் சொல்லியிருந்தால் போதும். "ஏஞ் சாமி, வண்டி அவரு கட்டினதுதான? அவருக்குத் தெரியாதா?" என்றேன்.

"வெளையாடாதீங்கண்ணா" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ரெண்டு மிதி மிதிச்சா வந்துரும். போகச் சொல்லு."

எட்டு கிலோமீட்டர் தாண்டி, மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ரோட்டைக் கடந்திருக்கிறது. டிரெய்லரின் மூலை அவன் பக்கத்துக் கண்ணாடி வழியாக உள்ளே போனது. பானெட்டுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வந்து பார்த்த அதிகாரி பெடலை மிதித்துவிட்டு, பிரேக் நன்றாக இருப்பதாக எழுதினார். ஆறிய பிறகு நன்றாகத்தான் இருக்கும். அதிவேகம் என்று கேஸை எழுதிவிட்டீர்கள்.

மனசாட்சி உறுத்தியதால்தான் நானாக வந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் சென்ற வாரம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். கமலவேணி இடுப்பெலும்பு முறிந்து சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உங்கள் ஏட்டய்யா அவளிடம் விசாரித்தபோது நான் பழப் பையோடு கதவோரம் நின்றிருந்தேன்.

"வண்டியக் கட்டினது யாரும்மா?"

"எங்க ஊட்டுக்காரருங்க. பூரா அவருதான்."

"உங்க அண்ணன் மெக்கானிக்காமே?"

"அவரு லாரிப் பட்டறையில இருக்காருங்க. கார் வேலை அவருக்குத் தெரியாதுங்க."

"வழியில யாருக்காச்சும் போன் பண்ணுனீங்களா?"

"இல்லீங்க."

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பழத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவள் சொன்னது அத்தனையும் பொய். அவள் போனை வாங்கிப் பாருங்கள், என் நம்பர் இருக்கும். உங்கள் காகிதத்தில் வண்டியைக் கட்டியவர் நந்தகுமார் என்று ஏறியிருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். எஞ்சினை மாற்றியது நான். டர்போ வைத்தது நான். தகட்டைக் கழற்றியது, பழைய ஆயிலை ஊற்றியது, போகச் சொன்னது எல்லாம் நான்தான். அவனைக் கொன்றது நான். இதில் அவன் செய்தது எதுவும் இல்லை.

அவன் என் பெயரை மறைத்தது போகட்டும், அவன் வெளியாள். கூடப் பிறந்தவளே இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அவளுக்கு அவன் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. அண்ணன் என்று ஒருவன் இருப்பதை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.