மூன்று தட்டினால் நிறுத்து

இரவு பதினொன்று பத்து. பதினொன்றேகால் என்றும் சொல்கிறார்கள்; பதினொன்று பத்து என்றே வைத்துக்கொள்வோம். பழைய விமானத் தளத்துக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் கம்பி வேலி. விளக்கு கிடையாது. கூரையைத் திறந்துபோட்ட நீலக் கார் ஒன்று மட்டும் மெல்லப் போய்க்கொண்டிருந்தது...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள், ஆடிக்கொண்டே இருக்கிறது.

காரை ஓட்டியவர் நம் ராத்திரி வகுப்பில் நம்மோடு படிக்கும் எலக்ட்ரீஷியனின் பெரியப்பா மகன். கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடை வைத்திருந்தார். கூரை மடங்கும் கார் என்றால் மற்ற கடைக்காரர்கள் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். கூரையைத் திறந்தால் பேஸ், அதாவது நெஞ்சில் அதிரும் அந்தக் கனத்த அடிச்சத்தம், காற்றோடு போய்விடும். சரி என்று பெரிய ஸ்பீக்கராகப் போட்டால், கூரையை மூடியதும் வண்டி முழுக்கப் பல் தந்தியடிக்கும். கீல், கிளிப், கண்ணாடி... ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கிர்ர் என்னும். அந்தச் சத்தங்களுக்கு இவர் கடையில் ‘பூச்சி’ என்று பெயர்.

பூச்சி பிடிப்பதில் புலி, கடைக்காரரின் தங்கை கணவர். பூனைக்காது என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். வேலை நடக்கும் விதம் இது: கடைக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்து ஊம்ம்ம்... என்று ஒரே ஒரு கனத்த தொனியை ஓடவிடுவார். பூனைக்காது பின் சீட்டை மடக்கி, அந்த வழியாக டிக்கிக்குள் ஊர்ந்துபோய்ப் படுத்துக் காதை வைப்பார். உள்ளேயிருந்து கத்தினால் கேட்காது. அதனால் தட்டுவதுதான் பேச்சு. ஒரு தட்டு, பூச்சி இங்கே. இரண்டு தட்டு, இன்னும் ஏற்று. மூன்று தட்டு, நிறுத்து.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கூரை மடங்கி இறங்குவதும் அதே டிக்கிக்குள்தான். உள்ளே ஒரு தடுப்புத் திரையை இழுத்து மாட்டினால்தான் கூரை மோட்டார் ஓடும். திரை வேலைக்கு இடைஞ்சல் என்று, ஒரு துண்டுச் செப்புக் கம்பியைச் சொருகி மோட்டாரை ஏமாற்றி வைப்பது இவர்கள் வழக்கம்.

போன வருஷம் அந்த நீலக் கார் ஒரு பல் டாக்டரிடம் இருந்தது. கடைக்கு வந்தவர், "நீங்க இருங்க, அந்தக் காதுக்காரர் எங்க?" என்று கேட்டார். கடைக்காரருக்குச் சுருக்கென்றது. அன்று மத்தியானமே பூனைக்காது தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசம் தனியா ஒரு கடை போடலாம்னு..."

"போடு மாப்ளே, யாரு வேணாம்னா? முதல்ல உள்ள போய் இந்தப் பூச்சியைப் பிடி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பூனைக்காது உள்ளே போனதும், சும்மா ஒரு பயம் காட்டலாம் என்று கூரை ஸ்விட்சில் விரலை வைத்தார்.

டொக் டொக் டொக்.

விரலை எடுக்கவில்லை.

டொக் டொக் டொக்.

மறு கையால் பேஸை ஏற்றினார்.

ஒயரிங் கோளாறு, கூரை தானாக இறங்கி ஆளை நசுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். தங்கை மட்டும் ஒன்று கேட்டாள். "அண்ணா, அவர் தட்டலையா?"

"தட்டவே இல்லையேம்மா."

அவள் மறுபடி கேட்கவில்லை. கடைக்கு வந்து, புருஷன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, வேலைக்கு வரும் வண்டிகளை நோட்டில் எழுத ஆரம்பித்தாள். அண்ணனோடு நன்றாகத்தான் பேசினாள். சாப்பாடும் கொண்டுவந்தாள். அதுதான் அவரைத் தின்றது.

ஒரு வருஷம் கழித்து அதே நீலக் கார் வாசலில் வந்து நின்றது. இப்போது ஒரு போட்டோகிராபர் வாங்கியிருந்தார்.

"பாட்டு போட்டா பின்னாடி என்னமோ தட்டுதுங்க. நாலு கடை பார்த்தாச்சு. பேய் இருக்குன்னு எங்க வீட்டம்மா ஏறவே மாட்டேங்கிறா. ஒரு விதத்துல நிம்மதிதான், இருந்தாலும்..."

கடைக்காரர் சாவியை வாங்கவில்லை. "வேற கடை..." என்று ஆரம்பித்தார். தங்கை தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்:

"எடுத்துக்கோ அண்ணா. அவர் பாதியில விட்ட வேலைதானே?"

மறுத்தால் ஏன் என்று கேட்பாள். எடுத்துக்கொண்டார்.

பகல் இரைச்சலில் பூச்சி காதில் விழாது. அதனால்தான் அந்த நேரம், அந்தச் சாலை.

கூரை திறந்திருந்தவரை ஒரு குறையும் இல்லை. பேஸ் நெஞ்சுக்குள் இறங்கியது. ஓரமாக நிறுத்திக் கூரையை மூடினார். தொனியைப் போட்டார். ஊம்ம்ம்...

டொக்.

ஒரு தட்டு. இங்கே.

கிளிப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிடிக்காமல் திரும்பினால் காலையில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தொனியை ஓடவிட்டு, பின் சீட்டை மடக்கி, போன் வெளிச்சத்தோடு டிக்கிக்குள் ஊர்ந்தார். காய்ந்த பசை வாசனை. அதற்கு மேலே... இருமல் மிட்டாய் வாசனை. பூனைக்காதுவின் வாயில் எப்போதும் ஒன்று கிடக்கும். இது ஒரு வருஷத்துப் பழைய வாசனை இல்லை. இப்போது வாயில் போட்ட மிட்டாய்.

போனைத் திருப்பினார். செப்புக் கம்பி அதன் இடத்தில் இருந்தது. போன வருஷம், போலீஸ் வருவதற்கு முன் அவரே பிடுங்கி எறிந்த கம்பி. பளபளவென்று இருந்தது.

முதுகுக்குப் பின்னால் டக். பின் சீட்டு நிமிர்ந்து பூட்டிக்கொண்டது.

டொக் டொக்.

இரண்டு. இன்னும் ஏற்று. தொனி ஏறியது. தகடு அதிர்ந்து அவர் பல்லில் ஏறியது. கை முட்டியால் ஓங்கி மூன்று தட்டினார். நிற்கவில்லை. மறுபடி மூன்று. முன் சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சென்றது... யாரோ வசதியாகச் சாய்ந்து உட்கார்வது போல. பிறகு, வ்வ்வ்... கூரை மோட்டார்.

தங்கைக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மாடி, டிக்கியில மாட்டிக்கிட்டேன்! கூரை இறங்குது!"

"தட்டினியா அண்ணா?"

"தட்டினேம்மா! நிக்க மாட்டேங்குது!"

"அவரு?"

கூரைச் சட்டம் விலாவைத் தொட்டது.

"தட்டினான்! மூணு மூணாத் தட்டினான்! நான்தான் நிறுத்தல! போதுமா? போதுமாடி?"

மோட்டார் நின்றது. தொனி அடங்கியது. அவருக்கு அவருடைய மூச்சே கேட்டது. போனில் அவள் மூச்சும் கேட்டது. பிறகு, போனுக்குள், மர மேஜைமேல் விரல் முட்டி படும் சத்தம்.

டொக். டொக்.

மூன்றாவது வரும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

கூரைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தவரை விடிகாலையில் பால் வண்டிக்காரர் பார்த்து ஆள் கூட்டினார். மூன்று நாள் உயிர் இருந்தது. விட்டுவிட்டு வந்த மூச்சில் நம் எலக்ட்ரீஷியனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கடைக்காரரின் போனில் அந்த அழைப்பு ஆறு நிமிடம் என்று இருந்ததாம். தங்கையின் போனோ அன்று ராத்திரி முழுக்க சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது என்று அவள் வீட்டில் சொல்கிறார்கள். எதை நம்புவது, எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். எலக்ட்ரீஷியன் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் கண்ணைத் திறந்து கேட்டார்:

"போன்ல... ரெண்டு தடவை... நீதானேம்மா தட்டின?"

அவள் போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள். சுருக்கத்தை நீவிச் சரிசெய்தாள். அதே குரலில், அவர் போன வருஷம் சொன்ன அதே மாதிரி, நிதானமாகச் சொன்னாள்:

"தட்டவே இல்லையே அண்ணா."