ஏழாம் நம்பரில் ஒரு கரகரப்பு

மஞ்சக்குட்டை பஸ்ஸுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மாள். அவர் ரிப்பேருக்குக் கொடுத்த பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்த மெக்கானிக் சொன்னார்:

“ஏழாம் நம்பர்ல மட்டும் வெக்காதீங்கம்மா.”

“ஏனுங்க?”

“எவ்வளவோ சுத்தம் பண்ணிப் பாத்தனுங்க. வால்யூம் கன்ட்ரோல் அந்த எடத்துல நொம்பத் தேஞ்சிருக்கு, கரகரங்குது. யாரோ வருசக்கணக்கா ஏழுலயே வெச்சிருக்காங்க.”

“எங்கூட்டுக்காரருங்க. போன மழையில தவறிட்டாரு. ஏழுல வெச்சாத்தான் தோட்டத்துல காப்பி பறிக்கற எனக்குப் பாட்டுக் கேக்கும்னு வெப்பாரு.”

மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இனிக் கொறச்சு வெச்சு, ஊட்டுக்குள்ள உக்காந்து கேளுங்கம்மா.”

“கரகரன்னாலும் பரவால்லீங்க. ஏழுல வெச்சுப்போட்டுத் தோட்டத்துக்குப் போயிருவனுங்க. அங்கிருந்து கேட்டா, ஊட்டுல ஆளிருக்கற மாதிரி இருக்குங்க.”